எர்த் பின்னைக் கழற்றினால் ட்ரிப் விழுவதில்லை, அப்படியே விடலாமா?

கேள்வி: 2024 ஜூன் 8, மாலை 6.15

ஹட்டனுக்கு மேலே ஒரு தோட்டத்து ஓரமாகக் கேரவனை நிறுத்தியிருக்கிறோம். பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டு வயர் இழுத்துக் கரண்ட் எடுக்கிறோம். சொருகிய கொஞ்ச நேரத்தில் அவர்கள் வீட்டு ட்ரிப் சுவிட்ச் (கரண்ட் கசிந்தால் தானாக வெட்டுவது) விழுந்துவிடுகிறது. தெரிந்தவர் ஒருவர் எர்த் பின்னைக் கழற்றிவிடச் சொன்னார். கழற்றினேன், அதற்குப் பிறகு ஒருமுறைகூட விழவில்லை. இன்னும் இரண்டு வாரம் இங்கேதான். இப்படியே ஓட்டலாமா? மழை விடாமல் பெய்கிறது.

பதில்: 2024 ஜூன் 8, இரவு 9.40

வேண்டாம் தம்பி. முதலில் போய்ப் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வாருங்கள், மிச்சத்தை அப்புறம் வாசிக்கலாம்.

நானும் இதையேதான் செய்தேன். 2018 ஏப்ரல், நுவரெலியா சீசன். டவுனில் இடம் கிடைக்காமல் நானுஓயாவில் சொந்தக்காரர் வீட்டு முற்றத்தில் கேரவனைப் போட்டிருந்தோம். மூன்று நாளாக வீட்டு ட்ரிப் விழுந்துகொண்டே இருந்தது. இருட்டில் சமையலை விட்டுவிட்டு மெயின் போர்டுக்கு ஓடி ஓடி வீட்டுக்காரர்களும் களைத்துவிட்டார்கள். ஒருவர் எர்த்தை வெட்டச் சொன்னார். மூன்று பின் பிளக்கை எடுத்துவிட்டு, எர்த் இல்லாத இரண்டு உருண்டைப் பின் பிளக் ஒன்றைப் போட்டேன். அன்றிரவு எல்லாம் நன்றாக எரிந்தது.

மறுநாள் அம்பேவெலப் பக்கம் போகும்போது பிடுங்கினேன், திரும்பி வந்து சொருகினேன். இரண்டு பின் பிளக்கை எந்தப் பக்கமாகவும் சொருகலாம். நான் தலைகீழாகச் சொருகியிருக்கிறேன். மழை நின்ற நேரம். மனைவி வெறுங்காலோடு ஈரப் புல்லில் நின்று கதவுக் கைபிடியைப் பிடித்தார். "ஐயோ" என்ற சத்தமும் வீட்டுக்குள் ட்ரிப் "டக்" என்று விழுந்த சத்தமும் ஒன்றாகத்தான் கேட்டன. கை உதறி விலகியது. அரை மணி நேரம் முழங்கை வரை மரத்துப்போய் இருந்தது, வேறொன்றும் ஆகவில்லை. மூன்று நாளாக நான் திட்டிக்கொண்டிருந்த ட்ரிப் சுவிட்ச்தான் அவரைக் காப்பாற்றியது.

நடந்தது இதுதான். எங்கள் கேரவனில் ஓரிடத்தில் நியூட்ரல் வயர் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) இரும்புச் சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. பிளக் தலைகீழானதும் அந்த வயரில் லைவ், அதாவது உள்ளே வரும் கரண்ட், வந்தது, சட்டம், கதவு, கைபிடி எல்லாவற்றிலும் 230 வோல்ட். கேரவன் நிற்பது ரப்பர் டயரில். ஜாக்குக்கு அடியிலும் பலகை. எர்த் வயரும் இல்லாதபோது, அந்தக் கரண்ட் மண்ணுக்கு இறங்க இருந்த வழி மனைவியின் உடம்பு மட்டும்தான்.

உங்கள் விஷயத்தில் எனக்கு முதலில் சந்தேகம் கேத்தல் மேல்தான். ஜூன் மாத ஹட்டன் ஈரத்தில் கேத்தல், வோட்டர் ஹீட்டர் எலிமென்ட்டுக்குள் ஈரம் ஏறும், கரண்ட் கசியும். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, எர்த்தை மறுபடி போட்டு, ஒவ்வொன்றாகச் சொருகிப் பாருங்கள். எது சொருகும்போது விழுகிறதோ அதுதான்.

2024 ஜூன் 9, காலை 7.05

இரவு நீங்கள் எழுதியதை இப்போதுதான் பார்த்தேன். கேரவனுக்குள் எல்லாச் சுவிட்சும் அணைத்திருந்தும், பக்கத்து வீட்டு அக்கா அயன் பெட்டியைப் போட்டதும் ட்ரிப் விழுந்தது என்கிறீர்கள். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் கேத்தலைப் பேசியிருக்க மாட்டேன். அதை மறந்துவிடுங்கள்.

கேரவனில் ஒன்றும் ஓடவில்லை, வீட்டில் பெரிய லோட் ஏறினால் விழுகிறது. இந்த ஒரு அடையாளம் போதும், எங்கோ நியூட்ரலும் எர்த்தும் தொடுகின்றன. ட்ரிப் சுவிட்ச் பார்ப்பது ஒரே கணக்கைத்தான். லைவில் போன கரண்ட் முழுதும் நியூட்ரல் வழியாகத் திரும்பி வருகிறதா என்று பார்க்கும். 30 மில்லிஆம்பியர் குறைந்தால் விழும், சில சமயம் 20லேயே விழும். நியூட்ரலில் வோல்டேஜ் இல்லை என்று நாம் நினைக்கிறோம். அயன் பெட்டி ஓடும்போது வயர் நீளத்துக்கு ஏற்ப நியூட்ரலிலும் இரண்டு மூன்று வோல்ட் எழும்பும். நியூட்ரல் எங்காவது எர்த்தைத் தொட்டால் திரும்பும் கரண்டில் ஒரு பங்கு அந்த வழியாக மண்ணுக்குள் போகும். அயன் பெட்டியிலும் பிழையில்லை, அக்கா மேலும் பிழையில்லை.

சுவிட்சை அணைத்தும் ஏன் தப்பிக்கவில்லை என்றால், சாதாரணச் சுவிட்ச் லைவை மட்டும்தான் வெட்டும். நியூட்ரல் எப்போதும் சேர்ந்தே இருக்கும்.

2024 ஜூன் 9, மதியம்

மீட்டர் எப்படி வைப்பது என்று கேட்டீர்கள். கேரவன் வயரை வீட்டிலிருந்து முழுதாகப் பிடுங்கிவிடுங்கள். இன்வர்ட்டர் இருந்தால் அதையும் அணையுங்கள். மீட்டரை ஓமில் (மின்தடை அளவில்) வைத்து, பிளக்கின் நியூட்ரல் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவில் பாருங்கள். நல்ல வயரிங் என்றால் மீட்டர் தொடர்பே இல்லை என்று காட்டும், எண் காட்டினாலும் மெகா ஓமில் இருக்கும். சில ஓம், சில நூறு ஓம் வந்தால் தொடுகிறது. அப்படியே பிடித்துக்கொண்டு, கூட இருப்பவரைக் கேரவனைக் கொஞ்சம் ஆட்டச் சொல்லுங்கள். எண் குதித்தால் வயர் எங்கோ இரும்பில் உரசுகிறது.

கேரவன் மெயின் சுவிட்ச் லைவ், நியூட்ரல் இரண்டையும் வெட்டும் வகை என்றால் அதை அணைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள், போட்டுவிட்டு ஒருமுறை பாருங்கள். அணைத்த பிறகும் தொடுகிறது என்றால் மெயினுக்கு முன்னாலேயே, வயரிலோ வெளிப் பிளக் பேஸிலோ (பிளக்கைச் சொருகும் இடத்திலோ) இருக்கிறது. பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

2024 ஜூன் 11

எர்த் இல்லாமல் இருந்தபோது பாடியில் மீட்டர் 110 வோல்ட் காட்டியது, டெஸ்டரும் மங்கலாக எரிந்தது, ஆனால் தொட்டால் லேசாகக் கூசியதே தவிர அடிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது பெரும்பாலும் பெட்டரி சார்ஜர், லெப்டொப் சார்ஜர் வேலை. அவற்றுக்குள் லைவிலிருந்து எர்த்துக்கும் நியூட்ரலிலிருந்து எர்த்துக்கும் சின்னக் கெப்பாசிட்டர் இருக்கும். எர்த் இல்லாவிட்டால் பாடி இரண்டுக்கும் நடுவில், 230இல் பாதியில், மிதக்கும். கசியும் கரண்ட் மிகக் குறைவு என்பதால் கூசுவதோடு நிற்கிறது. எர்த்தைப் போட்டால் மறைந்துவிடும்.

ஆனால் கூசுவது சார்ஜரால்தானா, உள்ளே ஒரு லைவ் வயர் உரசுவதாலா என்று கை சொல்லாது. கையை வைத்துப் பார்க்க வேண்டாம், பிள்ளைகளையும் கிட்டே விட வேண்டாம்.

2024 ஜூன் 15, சனி

எங்கள் கேரவனில் அந்த வயர் எங்கே இருந்தது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

வெளிப் பிளக் பேஸுக்குப் பின்னால் தகரத்தில் ஒரு துளை, வயர் அதன் வழியாக உள்ளே போகும். கேரவன் கட்டியபோது அந்தத் துளைக்கு ரப்பர் புஷ் (துளை விளிம்பை மூடும் வளையம்) போடவில்லை. டபுள் கெப் வண்டியில் கட்டித் தோட்டத்து ரோட்டில் இழுத்து இழுத்து, தகர விளிம்பு கறுப்பு வயரை அறுத்திருந்தது. டோர்ச் அடித்துப் பார்த்தபோது முதலில் எனக்குத் தெரியவேயில்லை. விரலை ஓட்டியபோதுதான் நகம் ஓரிடத்தில் மாட்டியது. அரிசி நீளத்துக்கு ஒரு கீறல், உள்ளே செம்பு மினுங்கியது, அதைச் சுற்றிப் பச்சை பூத்திருந்தது. கேரவன் ஒரு பக்கம் சரிந்து நின்றால் செம்பு தகரத்தைத் தொடும், மட்டமாக நின்றால் தொடாது. அதனால்தான் ஒரு ஊரில் விழுந்தது, இன்னொரு ஊரில் விழவில்லை.

எங்கள் வயரிங் பழைய நிறம், சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். புதிதாக வாங்குவது பிரவுன், நீலம், பச்சை மஞ்சள். இரண்டு நிறமும் கலந்த கேரவன்கள் நிறைய ஓடுகின்றன. நிறத்தை நம்பாமல் மீட்டரில் பாருங்கள்.

புஷ் விலை ஒரு பிளேன்டீ காசு வராது.

2024 ஜூன் 16

காசல்ரீ பக்கம் போட்டிருக்கும் இன்னொருவர், ஃபிரிஜ் உறுமிவிட்டு டக்கென்று நிற்கிறது, இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை அப்படியே என்று எழுதியிருக்கிறார். அது வோல்டேஜ் போதாமை. மோட்டருக்குச் சுழலத் தொடங்கப் பலம் இல்லை, சூடேறி அதன் பாதுகாப்பு வெட்டுகிறது. விடாமல் ஓடவிட்டால் கம்ப்ரஸர் போய்விடும், அணைத்து வையுங்கள்.

நானும் அங்கே நின்றிருக்கிறேன். கண்முன்னால் நீர்த்தேக்கம், அந்தத் தண்ணீர்தான் கீழே விமலசுரேந்திர மின்நிலையத்தைச் சுற்றுகிறது, ஆனால் மாலை ஏழு மணிக்குக் கேரவனில் மீட்டர் காட்டியது 184. நம் நாட்டில் 230க்கு 6 சதவீதம் கூடக் குறைய இருக்கலாம், அதாவது கீழே 216 வரை. வீட்டுப் பிளக் பேஸிலேயே பார்த்தேன், அங்கேயும் 196தான். லைன் கடைசி வீடு அது, எல்லாரும் சமைக்கும் நேரம். மிச்ச 12 வோல்ட்டைத் தின்றது என் வயர்.

கணக்கு: 0.75 சதுர மில்லிமீட்டர் வயர் மீட்டருக்கு 26 மில்லிஓம். 30 மீட்டருக்கு 0.78 ஓம். 2000 வாட் கேத்தல் 8.7 ஆம்பியர் எடுக்கும். போகும் நட்டம் 7 வோல்ட்.

2024 ஜூன் 16, கொஞ்சம் கழித்து

மேலே உள்ள கணக்கு பாதிதான். கரண்ட் போகவும் வேண்டும், வரவும் வேண்டும். 30 மீட்டர் வயர் என்றால் 60 மீட்டர் செம்பு, 1.56 ஓம், நட்டம் 13 வோல்ட்டுக்கு மேல். அதோடு 100 வாட்டுக்கு மேல் வயரிலேயே சூடாகப் போகிறது. ரீலில் சுற்றியபடி வைத்துக் கேத்தல் போட்டால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் உறை இளகி ஒட்டிக்கொள்ளும். இப்படி உருகிய ரீல் ஒன்றை வீட்டில் வைத்திருக்கிறேன், கேரவன் வாங்க நினைக்கிறவர்களுக்கு எடுத்துக் காட்டுவேன்.

2.5 வயர் போட்டால் அதே தூரத்துக்கு நட்டம் 4 வோல்ட் சொச்சம். விலை வலிக்கும்தான், ஆனாலும் நான் இப்போது அதைத்தான் இழுக்கிறேன், முழுவதையும் விரித்துப் போட்டு.

2024 ஜூன் 18

பிளக் பேஸ் பற்றி. இப்போது வரும் வீடுகளில் சதுரப் பின் 13 ஆம்பியர். பழைய வீடுகளிலும் லயங்களிலும் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) உருண்டைப் பின் 5, 15 ஆம்பியர் இன்னும் இருக்கின்றன. 5 ஆம்பியர் பேஸ் பல வீடுகளில் லைட் லைனிலிருந்து எடுத்தது. அதில் அடப்டர் மாட்டிக் கேத்தல் போட்டால் 8.7 ஆம்பியர், பேஸ் பழுத்துவிடும். சதுரப் பின் பேஸின் எர்த் துளையில் குச்சியைக் குத்தி, இரண்டு பின்னைச் சொருகும் பழக்கமும் இருக்கிறது. கேரவனுக்கு அதைச் செய்யவே கூடாது, ஏன் என்று மேலே எழுதியிருக்கிறேன்.

லயத்து வீட்டில் கேட்டால் யாரும் இல்லை என்று சொல்வதில்லை. தேத்தண்ணியும் கொடுத்துக் கரண்டும் கொடுப்பார்கள். ஆனால் அந்த வயரிங் இரண்டு பல்புக்கும் ஒரு டீவிக்கும் போட்டது. மின்கட்டணமும் படிப்படியாக ஏறுவது. மாதம் 60 யூனிட்டைத் தாண்டினால் விலைப்படியே மாறும், நம் ஒரு வாரக் குளிப்புச் சூடு அவர்களைத் தாண்ட வைத்துவிடும். நான் கேரவனுக்குள் ஒரு சின்ன யூனிட் மீட்டர் போட்டிருக்கிறேன். கிளம்பும்போது எண்ணைக் காட்டி அதற்கு மேலாகவே கொடுப்பேன். அம்மா அப்பா அந்த லயத்திலிருந்து வந்தவர்கள், எனக்கு அந்த பில் என்னவென்று தெரியும்.

2024 ஜூன் 18, இரவு

மூன்று லைட் எரியும் சின்னச் சோதனைப் பிளக் வாங்கலாமா என்று கேட்டவருக்கு: வாங்குங்கள். லைவும் நியூட்ரலும் மாறியிருந்தால், எர்த் இல்லாவிட்டால் காட்டும். நியூட்ரலும் எர்த்தும் மாறியிருந்தால் காட்டாது, எர்த் நல்ல எர்த்தா என்றும் சொல்லாது.

2024 ஜூலை 6

ஹட்டன் தம்பி கண்டுபிடித்துவிட்டார். என்னுடையதைப் போல அறுந்த வயர் இல்லை. நான் மூன்று வாரமாகத் துளை, புஷ், துளை, புஷ் என்று சொல்லி அவரை எல்லாத் தகரத்தையும் கழற்ற வைத்துவிட்டேன், அதற்கு வருத்தம்.

அவருடையது இன்வர்ட்டர். பெட்டரியில் ஓடும்போது பாதுகாப்புக்காக அந்த வகை இன்வர்ட்டர் தன் நியூட்ரலை உள்ளேயே எர்த்தோடு சேர்த்துக்கொள்கிறது. அது தனியாக ஓடினால் சரிதான். ஆனால் கேரவனைக் கட்டியவர், வீட்டுக் கரண்டா இன்வர்ட்டரா என்று மாற்றும் சுவிட்சில் லைவை மட்டும் மாற்றியிருக்கிறார். இரண்டு நியூட்ரலும் ஒரே இணைப்புக் கட்டையில். வீட்டுக் கரண்டைச் சொருகியதும் வீட்டு நியூட்ரல் இன்வர்ட்டர் வழியாக எர்த்துக்குப் போய்விட்டது. மீட்டர் வைத்தபோது ஏன் தெரியவில்லை என்றால், நான்தான் இன்வர்ட்டரை அணைத்துவிட்டுப் பார்க்கச் சொன்னேன். அணைத்தால் இந்த வகையில் அந்த இணைப்பு விட்டுவிடும். ஜூன் 9 குறிப்பைப் பின்பற்றுகிறவர்கள் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: இன்வர்ட்டரின் வெளிவரும் இரண்டு வயரையும் கழற்றிவிட்டு ஒருமுறை ட்ரிப் விழுகிறதா என்று பார்க்க வேண்டும்.

லைவ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து மாற்றும் சுவிட்ச் போட்டிருக்கிறார். அக்கா வீட்டு அயன் பெட்டி, ரைஸ் குக்கர் இரண்டும் ஒன்றாக ஓடியும் நான்கு நாளாக விழவில்லையாம். எர்த் பின் போட்டபடிதான் இருக்கிறது. அதைப் படித்ததும் மனைவியிடம் சத்தமாக வாசித்துக் காட்டினேன்.

2024 ஆகஸ்ட் 17, பண்டாரவளை

இங்கே ஊவாவின் வறண்ட காலம். கச்சான் காற்று, மண் வெடித்துக் கிடக்கிறது. நிற்கும் வீடு பாறை மேல் கட்டியது. எர்த் ரொட் ஓர் அடிக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. வீட்டுக்கார ஐயாவிடம் சொல்லி, வயரிங் பாஸ் (வயரிங் வேலை தெரிந்தவர்) ஒருவரை எர்த் டெஸ்டரோடு வரவழைத்தோம். 340 ஓம். கீழே கீரைப் பாத்தி ஓரத்தில் இன்னொரு ரொட் அடித்து இரண்டையும் சேர்த்ததும் 90.

அந்த இரண்டு எண்ணையும் பார்த்தபோதுதான் 2018 எனக்கு முழுதாக விளங்கியது. 2017 ஆகஸ்டில் இதே பண்டாரவளையில் ஒரு மாதம் நின்றோம், ஒருமுறையும் ட்ரிப் விழவில்லை. கேரவன் சரிந்து நின்றதா, மட்டமாக நின்றதா என்றுதான் இவ்வளவு நாள் நினைத்திருந்தேன். அது மட்டும் காரணமாக இருக்காது. என் பழைய மெல்லிய வயரில் 13 வோல்ட் நட்டம் என்றால் அதில் பாதி, ஆறு ஏழு வோல்ட், நியூட்ரலில் எழும்பும். காய்ந்த மண்ணில் 340 ஓம் வழியாக அது 20 மில்லிஆம்பியரைத்தான் தள்ளும், ட்ரிப் விழலாம், விழாமலும் இருக்கலாம். நனைந்த மண்ணில் 90 ஓம் என்றால் 70 மில்லிஆம்பியர், உடனே விழும். நானுஓயா மழை எதையும் கெடுக்கவில்லை, மண்ணை நல்ல எர்த் ஆக்கிக் கொடுத்தது. முன்பே இருந்த காயம் அங்கேதான் வெளியே வந்தது. மழைக்காலத்தில் மட்டும் விழுகிறது, வெயிலில் தானாகச் சரியாகிவிட்டது என்று எழுதும் எல்லாருக்கும் இதைத்தான் சொல்ல வேண்டும், அது சரியாகவில்லை.

2024 ஆகஸ்ட் 18

எர்த் 10 ஓமுக்குக் கீழே இல்லாவிட்டால் வீண் என்று நான் பலரிடம் சொல்லிவந்தது தவறு. 30 மில்லிஆம்பியர் ட்ரிப் இருந்தால், பாடியில் 50 வோல்ட் ஏறுவதற்குள் அது விழ 1,600 ஓம் வரைகூடக் கணக்குக்குப் போதும். ஆனால் நூற்றுக்கணக்கில் இருக்கும் எர்த் கோடையில் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. 200க்குக் கீழே வைத்துக்கொள்வது நல்லது. ட்ரிப் இல்லாத வீட்டில் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது, அங்கே நான் சொருகுவதில்லை. போய்ச் சேர்ந்ததும் வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டு ட்ரிப்பின் டெஸ்ட் பட்டனை ஒருமுறை அமுக்குவேன். விழாவிட்டால் அதை முதலில் மாற்ற வேண்டும். விழுந்தால் சுவிட்ச் நல்லது என்று மட்டும் அர்த்தம், அந்தப் பட்டன் எர்த்தைச் சோதிப்பதில்லை.

2024 அக்டோபர் 26

பின்னேர இடி தொடங்கிவிட்டது. வானம் கறுத்து முதல் முழக்கம் தூரத்தில் கேட்கும்போதே வயரை வீட்டுப் பக்கத்தில் பிடுங்கிச் சுருட்டி வையுங்கள், ட்ரிப் மின்னலை நிறுத்தாது. மேலே அடித்துவிட்டு மழை இறங்கிய பிறகு ஓடிப்போய்ப் பிடுங்காதீர்கள், அப்போது விட்டுவிடுங்கள்.

ஹட்டன் தம்பி இப்போது ஹப்புத்தளையில். நேற்று போன வீட்டில் ட்ரிப் பட்டனை அமுக்கியிருக்கிறார், விழவில்லை. வீட்டுக்காரரிடம் சொல்லி இன்று காலை புதிது மாற்றியிருக்கிறார்கள், காசில் பாதி இவர் கொடுத்திருக்கிறார். அதுவரை இரவு பெட்டரியில்தான் இருந்தாராம்.